நான் வெட்டிய பதினான்கு மணிகள்

சந்திரா,

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உன் பெயரையும் மலர்விழியின் பெயரையும் இரண்டு முறை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே ‘தலைமை’ என்று போட்டு இன்னொரு பெயர் இருந்தது. அதைப் படித்ததும் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஜெலாப்பாங்கில் நான் வேலை செய்த கல் பட்டறையின் முதலாளி பெயர் அது. அவர் உன் வருங்கால மாமனாருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று போனில் கேட்டேன். “அதெல்லாம் பழைய கதைம்மா. அவரே பெருந்தன்மையா மறந்துட்டாரு. நீயும் மறந்துடு லா” என்றாய். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. “சுங்காய் புஷ்பாவுக்குப் பத்திரிகை வைக்க வேணாம்மா. பொண்ணு வீட்டுப் பக்கத்துல எல்லாருக்கும் அந்தத் திருட்டு விஷயம் தெரியும். சங்கடமாப் போயிடும்” என்றாய். கடைசியில், அம்மா முன்பு ரத்தினக்கல் வியாபாரத்தில் இருந்தார் என்று மலர்விழியின் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருப்பதாகவும், நான் அதை மாற்றிப் பேசிவிடக் கூடாது என்றும் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன் அறைத் தோழர்கள் படித்தாலும் படிக்கட்டும். போட்டோஸ்டாட் எடுத்து ஒரு பிரதியைத் தெலுக் இந்தானில் உன் மாமனார் வீட்டுக்கும், இன்னொன்றை அந்த மனிதருக்கும் அனுப்பப் போகிறேன். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். “எழுது. அன்னைக்கு நான்தான் உன் வாய மூடச் சொன்னேன். அதையும் சேர்த்து எழுது” என்றார். எழுதுகிறேன்.

முதலில் அந்த வியாபாரப் பேச்சை முடித்துவிடுகிறேன். கல்லை வாங்கி விற்கிறவர்தான் வியாபாரி. நான் கல் வெட்டினவள். சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த கை இது. தோட்டத்தை விற்றார்கள், ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள், பாதிப் பேருக்கு வேலை இல்லை என்றார்கள். உன்னையும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தோம். உன் அப்பாவுக்கு லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. எனக்கு ஜெலாப்பாங் பட்டறையில் இடம் கிடைத்தது. பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மோதிரக் கற்களுக்குப் பட்டை தீட்டுவோம். மெழுகை உருக்கிக் கல்லைக் குச்சி முனையில் ஒட்ட வேண்டும். சுற்றுகிற சாணையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கல்லை இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று திருப்பித் தேய்க்க வேண்டும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் கல் சூடாகி வெடித்துவிடும். குறைந்தால் நாள் முழுக்கத் தேய்த்தாலும் பட்டை விழாது. அந்த அளவு கைக்கு வர எனக்கு ஒரு வருஷம் ஆனது. பிறகு அந்த வரிசையில் என்னளவுக்கு யாரும் வெட்டவில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். நீ வெட்கப்படுகிற இடத்தில் எனக்கு இருப்பது பெருமை என்பது உனக்குத் தெரிய வேண்டும். கல் மாவு கலந்த தண்ணீர் தெறித்து என் கைலியெல்லாம் சாம்பல் பூத்திருக்கும். அந்தக் கைலியைப் பிடித்துக்கொண்டுதான் நீ பள்ளிக்கூட வாசல்வரை நடந்தாய். அப்போது நான் வியாபாரியாக இருக்க வேண்டிய அவசியம் உனக்கு இருக்கவில்லை.

புஷ்பா எனக்கு அடுத்த மேசை. என்னைவிட எட்டு வயது சின்னவள். அவளும் சுங்காய்ப் பக்கம்தான். கல் வெட்ட அவளுக்கு வரவில்லை, ஆனால் மணி கோப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஒவ்வொரு மணிக்கும் நடுவே ஒரு சின்ன முடிச்சுப் போடுவாள், நூல் அறுந்தாலும் ஒரு மணிக்கு மேல் கீழே விழாது. உனக்கு ஏழு வயதில் அம்மை போட்டது நினைவிருக்கிறதா? உன் அப்பா லாரியோடு ஜொகூருக்குப் போயிருந்தார், எனக்கு லீவு கொடுக்க மாட்டேன் என்றார் முதலாளி. புஷ்பா தன் லீவைப் போட்டுவிட்டு வந்து ஆறு நாள் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நீ சொறியாமல் இருக்க உன் இரண்டு கைகளையும் தன் மடியில் பிடித்து வைத்துக்கொண்டு கதை சொன்னாள். அவளைத்தான் நீ போனில் சங்கடம் என்றாய்.

அவளிடம் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐசி. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள், அப்பனும் ஆத்தாளும் பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார்கள். இந்த மண்ணை விட்டு ஒரு நாள்கூட வெளியே போகாதவள், தான் இந்த நாட்டுக்காரி இல்லை என்று சொல்லும் அட்டையைப் பையில் வைத்திருந்தாள். வேலைக்கு பெர்மிட் வேண்டும், பெர்மிட்டுக்கு முதலாளியின் கையெழுத்து வேண்டும். நீ குடிமகனுக்கான நீல ஐசியோடு வங்கியில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறாய். ஒரு மனிதரின் கையெழுத்தை நம்பி வருஷா வருஷம் உயிர் பிழைப்பது எப்படி இருக்கும் என்று உனக்கு விளங்க வைக்க முடியுமா என்று தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

எழுபதுகளின் பிற்பாதி அது, நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தாய். சரவாக்கிலிருந்து ஈப்போவுக்கு வேலை மாற்றலாகி வந்த ஒரு டீச்சரம்மா பட்டறைக்கு வந்தார். கழுத்துமாலை ஒன்றின் நூல் நைந்துவிட்டது, புதிதாகக் கோத்துத் தர வேண்டும் என்று மலாயில் சொன்னார். துணியைப் பிரித்தபோது நாங்கள் எல்லோரும் சாணையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தோம். நாற்பத்திரண்டு மணிகள், சூதுபவளம். ஆரஞ்சும் சிவப்புமாக, வெயிலில் பிடித்த தேநீர்போல வெளிச்சம் உள்ளே இறங்கி நிற்கும். சில மணிகள் ஆறு பட்டை, சில நீளம், சில உருண்டை. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. எந்திரம் இல்லாத காலத்தில் கையால் வெட்டியவை. நான் ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். பட்டைகள் சரிசமமாக இல்லை, ஆனால் ஒரு பட்டையும் தப்பாக இல்லை. “எங்க சனமெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ இருக்குற நீண்ட வீட்டுல இது ஏழு தலைமுறையா இருக்கு” என்றார் டீச்சர். “பெரிய ஜாடிங்க கொடுத்து வாங்கினதாம். அதுக்கு முன்னாடி கப்பல்ல இந்தியாவுலருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. உங்க ஊர்க் கல்லுதான்.” நான் சிரித்தேன். என் அப்பா கப்பலில் வந்து இறங்கியபோது அவர் கையில் ஒரு தகரப் பெட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. எங்களுக்கு முன்னாலேயே எங்கள் ஊர்க்காரர் யாரோ வெட்டிய கல் இங்கே வந்து இவ்வளவு மரியாதையோடு இருந்திருக்கிறது என்று நினைத்தபோது மனசுக்கு நன்றாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த மாலையிலிருந்து பதினான்கு மணிகளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். எல்லாம் நல்ல மணிகள். “இதுல உள்ள விரிசல் இருக்கு. டீச்சரம்மா மாத்தித் தரச் சொல்லிட்டாங்க. அகேட் கல்லுல இதே மாதிரி வெட்டு. பழைய மணியோட சேர்ந்து நிக்கணும், புதுசுன்னு தெரியக் கூடாது. உன்னால மட்டும்தான் முடியும்” என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் மயங்கிவிட்டேன் சந்திரா. விரிசல் எங்கே என்று நான் கேட்கவில்லை. கல் வெட்டுகிறவள், விரிசலைப் பார்த்தால் தெரிந்துகொள்கிறவள், அதைப் பார்க்கக்கூட இல்லை. மூன்று வாரம் அந்தப் பதினான்கையும் வெட்டினேன். கல்லை மணல் சட்டியில் புதைத்து மெதுவாகச் சூடேற்றிச் சிவப்பு வரவழைத்தேன். ஒன்று வெடித்துப் போனது, அதை என் டப்பாவில் போட்டுவிட்டு இன்னொன்று வெட்டினேன். பட்டைகளை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக வைத்தேன். கழுத்தில் உரசி உரசித் தேய்ந்த முனைகளைப்போல முனைகளைத் தோலில் தேய்த்தேன். புஷ்பாகூட எது பழசு, எது என்னுடையது என்று கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

புஷ்பா கோத்து முடித்தாள். டீச்சர் வந்து வாங்கிப் போனார். மறுநாளே திரும்பி வந்தார். பட்டறை நடுவில் நின்று, மாலையை விரலில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மணியாகத் தள்ளித் தள்ளி அவர் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அம்மா ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாராம். ஐந்தாவது மணியில் விரல் நின்றது. “இதுக்குப் பேர் இல்ல” என்றார். பிறகு ஒன்பதாவதில் நின்றது. பிறகு பத்தாவதில். பதினான்கு தடவை நின்றது. ஒன்றுகூடத் தவறவில்லை. நான் சாணையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் மாற்றச் சொல்லவே இல்லை என்பது எனக்கு அந்த ஐந்தாவது மணியிலேயே விளங்கிவிட்டது. முதலாளியைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைக்கூட அசைக்கவில்லை. “புஷ்பா, இங்க வா” என்றார்.

இந்த இடத்தை நீ மெதுவாகப் படிக்க வேண்டும். அவளை அறைக்குள் கூட்டிப் போனார்கள். கதவு சாத்தியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது, நாங்கள் சாப்பிட்டோம், திரும்பி வந்து உட்கார்ந்தோம். அப்போதும் கதவு திறக்கவில்லை. மணிகளை மாற்றியது அவள்தான், கோத்த கைக்குத்தான் வாய்ப்பு இருந்தது என்று டீச்சரிடம் சொல்லி அவரை அனுப்பிவிட்டிருந்தார் முதலாளி. புஷ்பாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டால் வேலையோடு போகும், போடாவிட்டால் போலீசைக் கூப்பிடுவேன், சிவப்பு ஐசிக்காரியை அவர்கள் எங்கே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாது என்றாராம். தாள் இங்கிலீஷில் இருந்தது. அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டத்தான் வரும். போட்டுவிட்டாள். வெளியே வந்தவளை வாசலில் நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். சாப்பாட்டுத் தூக்கு, சீப்பு, நூல் கண்டு. அவள் நேராக என் மேசைக்கு வந்தாள். “அக்கா, நீ சொல்லேன்க்கா. கோத்ததத் தவிர நான் என்ன பண்ணேன்?” என்றாள். பதினோரு பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கையில் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டே, “இப்ப வீட்டுக்குப் போ. நாளைக்குப் பேசிக்கலாம்” என்றேன். சாணையைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் அவள் அதற்கு மேல் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் போட்டேன்.

உன் அப்பாவுக்கு அப்போது கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. “நமக்கு எதுக்கு வம்பு. உன் பேரு அடிபடல, பேசாம இரு” என்றார். இதெல்லாம் உண்மைதான், ஆனால் இதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. அந்த வாரமே முதலாளி என்னை வெட்டு மேசைக்குத் தலைவியாக்கினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உனக்கு வேலையில் ஏதாவது பதவி எதிர்பாராமல் வந்தால், அது வந்த வாரத்தில் யார் வெளியே போனார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார். உனக்கு நான் கொடுக்கக்கூடிய புத்திமதி அதுதான்.

நான் வாயைத் திறந்தது நல்ல மனசால் என்று நினைத்துவிடாதே. நான்காவது வாரம் முதலாளி இன்னொரு துணிப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். வேறு யாரோ கோக்கக் கொடுத்த பழைய மாலை, இந்த முறை பச்சைக் கல். “இதே மாதிரி எட்டு” என்றார். விரிசல் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்துவிட்டார். அப்போதுதான் என் கை எதற்குப் பயன்படுகிறது என்பது எனக்கு உறைத்தது. புஷ்பாவின் மேசை காலியாக இருந்தது. அடுத்து அந்த இடத்தில் யாரை உட்கார வைத்துக் கோக்கச் சொல்லி, யாரைத் திருடி ஆக்குவார்? வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தைத் தொடாமல் கிளம்பினேன். டப்பாவிலிருந்து அந்த வெடித்த பதினைந்தாவது மணியை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மாலையை எடுத்து வந்து, நான் கேட்டபடி நூலை அறுத்து மணிகளை மேசையில் பரப்பினார். நான் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். பழைய மணி ஒன்றின் துளையில் கம்பியை விட்டேன். நடுவில் தட்டி நின்றது. அந்தக் காலத்தில் இரண்டு முனையிலிருந்தும் கையால் துளைத்து வந்திருக்கிறார்கள், நடுவில் சந்திக்கும் இடம் ஒரு நூல் விலகியிருக்கும். பிறகு என் மணியில் விட்டேன். எந்திரத் துளை, வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிட்டது. பதினான்கிலும் அப்படித்தான். வெளியே தெரிகிற இடத்தையெல்லாம் நான் பழசாக்கியிருந்தேன். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று துளையை மட்டும் அப்படியே விட்டிருந்தேன். வெடித்த மணியையும் பக்கத்தில் வைத்து, “இதெல்லாம் நான் வெட்டினது. அந்தப் பொண்ணு திருடல” என்றேன். அவர் எனக்கு நன்றி சொல்வார் என்று மனசின் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அவர் கம்பியை மணியிலிருந்து உருவி என் பக்கம் தள்ளி வைத்தார். “கெனாப்பா பாரு செக்காராங்?” என்று கேட்டார். ஏன் இப்போதுதான் என்று அர்த்தம்.

மறுநாள் இருவரும் பட்டறைக்குப் போனோம். நான் எல்லாப் பெண்களின் முன்னாலும் சொன்னேன். முதலாளி கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை. புஷ்பா கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினார். “அவ ஒத்துக்கிட்டா. இப்ப நீயும் நான்தான் வெட்டினேன்னு ஒத்துக்கிற. அப்ப நீங்க ரெண்டு பேரும் கூட்டு, அப்படித்தான?” என்றார். என் வாக்குமூலத்தையே எடுத்து என் கழுத்தில் மாட்டினார், பார். அன்றே என்னை வெளியே அனுப்பினார். டீச்சர் போலீசில் எழுதிக் கொடுத்தார், நானும் போய்ச் சொன்னேன். கூப்பிட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், பிறகு கூப்பிடவில்லை. சில மாதம் கழித்து டீச்சரின் பள்ளிக்கூட ஆபீசுக்குப் பெயர் போடாத ஒரு உறை வந்தது. உள்ளே காணாமல் போன பழைய மணிகளில் ஒன்பது. மீதி ஐந்து எந்த நாட்டில் யார் அலமாரியில் இருக்கிறதோ தெரியாது. டீச்சர் நான் வெட்டிய பதினான்கையும் காகிதத்தில் சுற்றி என்னிடமே கொடுத்துவிட்டு, ஐந்து இடம் காலியான மாலையோடு சரவாக்குக்குத் திரும்பிப் போனார். அந்தப் பதினான்கையும் நான் சாணையில் வைத்து மாவாகும்வரை அரைத்தேன். மூன்று நாள் ஆனது. நான் வெட்டியதிலேயே நல்ல வேலை அதுதான்.

புஷ்பாவின் தாளை யாரும் கிழிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. நான் உண்மையைச் சொன்ன பிறகும் அந்தத் தாள்தான் உண்மையாக இருந்தது. பெர்மிட் புதுப்பிக்கவில்லை. எந்தத் தொழிற்சாலை வாசலுக்குப் போனாலும் கேட்டார்கள், எதற்கு ஜெலாப்பாங்கிலிருந்து நின்றாய் என்று. சுங்காய்க்கே திரும்பிப் போய்ச் செம்பனைக்காட்டில் குனிந்து குனிந்து உதிரிப்பழம் பொறுக்கினாள். பார்க்க வந்த மாப்பிள்ளை வீடு இரண்டும் விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போனது. அந்த முதலாளியோ கோயில் கமிட்டியில் தலைவர் ஆனார். பொன்னாடை போர்த்திக்கொண்டு பேப்பரில் படம் வந்தது. இப்போது பெருந்தன்மையாக மறந்தும்விட்டார். மறப்பதற்கு அவருக்கு என்ன இருக்கிறது? நாங்கள் அல்லவா மறக்க வேண்டியதை எல்லாம் தூக்கிக்கொண்டு திரிகிறோம். அவர் மறந்ததை நீ எனக்கு வரம்போல எடுத்து வந்து நீட்டுகிறாய்.

பட்டறை வேலை போனதுமே நான் பழைய சாணை ஒன்றைச் சமையலறைக்குப் பின்னால் போட்டு, டவுனில் மோதிரக் கடைகளுக்குக் கல் வெட்டிக் கொடுத்தேன். அந்தச் சத்தத்தில்தான் நீ பரீட்சைக்குப் படித்தாய். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தாய், ஒரு நாளும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைதானே நீ? அப்படிப்பட்ட நீ எப்படி ஒரு பெயருக்காக இவ்வளவு கீழே இறங்கினாய்? மலர்விழி நல்ல பெண். தீபாவளிக்கு வந்தபோது என் விரல் நுனியில் ஏன் ரேகையே இல்லை என்று கேட்டாள். நீ இருபத்தைந்து வருஷமாகக் கேட்காத கேள்வி. அப்படிப்பட்ட பெண்ணிடம் பொய்யில் ஆரம்பிக்காதே. இன்றைக்கு அம்மாவைப் பற்றி ஒரு பொய், நாளைக்கு அதைக் காப்பாற்ற இன்னொன்று. இந்தக் கடிதத்தை முதலில் அவளிடம் கொடு. படித்துவிட்டு அவள் என்ன சொன்னாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

நேற்றுக் காலை நானும் அப்பாவும் பஸ் ஏறிச் சுங்காய்க்குப் போனோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, அந்த மாதிரிப் பத்திரிகை. தலைமை என்ற இடத்தில் இருந்த பெயரைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் எடுத்துப் போனேன். பத்திரிகை நம் வீட்டுச் செலவு, அந்தப் பெயர் அதில் வராது என்று தீர்மானித்திருந்தேன். புஷ்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இப்போது அவள் நன்றாகப் படிக்கிறாள். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை டீச்சரிடம் மூன்று வருஷம் போய், தமிழும் மலாயும் கற்றுக்கொண்டிருக்கிறாள். முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தாள். அடித்த இடத்தில் விரல் நின்றது. வெளிச்சத்தில் பிடித்து, அடித்த கோட்டுக்குக் கீழே இருந்த பெயரையும் படித்துவிட்டாள்.

“இதுல நான் கையெழுத்து ஏதும் போடணுமாக்கா?” என்று கேட்டாள். அவள் சிரிக்கவில்லை. உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அவளிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாத ஒன்று இருந்தது. முதலாளி இரண்டாவது பொட்டலத்தைக் கொண்டு வந்து வைத்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது என்றே அவளை நம்ப வைத்திருந்தேன். “புஷ்பா, அன்னைக்கு நீ எங்கிட்ட வந்து கேட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உன்ன வீட்டுக்குப் போகச் சொன்னேன்” என்றேன்.

“தெரியும்க்கா” என்றாள் அவள். “நீ என் மூஞ்சியப் பாக்கல. எப்பவும் பாத்துத்தான் பேசுவ. அன்னைக்குக் கல்லப் பாத்துப் பேசின. அப்பவே தெரியும்.”

“அப்புறம் ஏன் இத்தன வருஷமா என்ன அக்கான்னு கூப்புட்ட?”

“கோவம் இல்லாம இல்ல. ரொம்ப நாளு இருந்துச்சு. ஆனா நீ லேட்டாவாச்சும் போய்ச் சொன்ன. மத்த பத்து பேரும் இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் சொல்லல.” பத்திரிகையைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். “இந்தப் பேர ஏன் அடிச்ச? அடிக்காத. போடு. அவரு வரட்டும். மேடையில உக்காந்து தலைமை தாங்கட்டும். நானும் வாரேன். அவருக்கு நேரா உக்கார்றேன். அவரு என்னப் பாத்துக்கிட்டே பேசட்டும். எந்திரிச்சுப் போறது அவரா நானான்னு பாத்துருவோம்.”

அதனால் பத்திரிகையில் ஒன்றையும் மாற்ற வேண்டாம், அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடு. முன்வரிசையில் மேடைக்கு நேர் எதிரே ஒரு நாற்காலி போட்டு வை. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியான பஸ்ஸில் அவள் ஈப்போவுக்கு வருகிறாள். பஸ் நிலையத்துக்கு நானும் வர மாட்டேன், அப்பாவும் வர மாட்டார். நீ தனியாகப் போ. அவள் கையில் இருக்கும் பையை வாங்கிக்கொள். பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசு.

அம்மா